சிவஞானபோதத்தின் முதல் நூற்பா: நிறுவியதும் நிறுவாததும்

கடவுள் உண்டு என்பதைப் பத்தியின் பொறுப்பில் விடாமல் அளவை வழியில் நிறுவ முயன்ற தமிழ் நூல்களுள் முதலிடம் சிவஞானபோதத்துக்கே. 13ஆம் நூற்றாண்டில் திருவெண்ணெய்நல்லூர் மெய்கண்டார் செய்த இந்நூல் 12 நூற்பாக்களும் 40 அடிகளும் கொண்டது. முதல் நூற்பா மூன்றே அடி. அவன், அவள், அது என்று சுட்டப்படும் உலகம் தோன்றி நின்று அழிவது, ஆகவே அதைத் தோற்றுவிப்பவன் ஒருவன் உண்டு, ஒடுங்கிய இடத்திலிருந்தே அது உயிரைப் பிணித்த மலத்தின் பொருட்டு மீண்டும் உளதாகிறது, ஒடுக்குபவனே ஆதி. வாதம் இவ்வளவுதான். அருணந்தி சிவாசாரியாரின் சிவஞான சித்தியார் அதை விரித்தது. 18ஆம் நூற்றாண்டில் திருவாவடுதுறைச் சிவஞான முனிவரின் மாபாடியம் அதற்கு அரண் கட்டியது. இந்த வாதத்தைப் போற்றியவர்களுக்குக் குறைவில்லை. வாதமாக வைத்து எடைபோட்டவர்கள் குறைவு.

எடைபோட வெளியிலிருந்து அளவுகோல் கொண்டுவர வேண்டியதில்லை. இந்தியத் தருக்க மரபே அனுமானத்துக்கு மூன்று சோதனைகளை வகுத்திருக்கிறது. ஏது, அதாவது காரணக்குறி, பக்கத்தில், அதாவது ஆராயப்படும் பொருளில், உண்மையாகவே இருக்கிறதா? ஏதுவுக்கும் நிறுவ வேண்டிய சாத்தியத்துக்கும் இடையே விலகாத உடனிகழ்ச்சி, அதாவது வியாத்தி, உறுதிப்பட்டிருக்கிறதா? ஏது தாங்கக்கூடிய அளவுக்குள் முடிவு நிற்கிறதா? மெய்கண்டார் நூற்பாவின் ஒவ்வோர் அதிகரணத்தையும், அதாவது வாதப் பகுதியையும், மேற்கோள், ஏது, எடுத்துக்காட்டு என்று பகுத்து எழுதியவர். அவர் ஏற்ற விதிகளாலேயே அவரை அளப்பதுதான் நேர்மை.

முதலில் வாதத்தின் வடிவம். ‘ஏன் ஏதேனும் இருக்கிறது, ஏன் ஒன்றுமில்லாமல் போகவில்லை’ என்பது லைப்னிட்ஸ் கேட்ட கேள்வி. மெய்கண்டார் அதைக் கேட்கவில்லை. அவர் கேட்பது, இருப்பது ஏன் மாறுகிறது என்பது. பதி (இறைவன்), பசு (உயிர்), பாசம் (தளை) மூன்றும் அவருக்கு அநாதி. இறைவன் சூனியத்திலிருந்து எதையும் படைப்பதில்லை. மாயை என்னும் முதற்காரணத்தைத் தன் சத்தியைத் துணைக்காரணமாகக் கொண்டு தொழிற்படுத்தும் நிமித்த காரணன் அவன். இதனால் வாதத்தின் சுமை பெரிதும் குறைகிறது. ஒன்றுமில்லாததிலிருந்து ஒன்று வந்தது எப்படி என்ற வினாவுக்கு அவர் விடை சொல்ல வேண்டியதில்லை. குறைவாகக் கேட்பதால் வாதம் வலுப்பெறுகிறது. இது அதன் முதல் தகுதி. ஆனால் இதற்கு ஒரு விலையும் உண்டு. மூன்று பொருள்கள் காரணமின்றி இருக்கலாம் என்று ஏற்ற பிறகு, அவற்றின் மாற்றத்துக்கு மட்டும் காரணன் வேண்டும் என்று காட்டும் பொறுப்பு முழுவதும் ஒரே ஒரு முற்கோள் மீது விழுகிறது: சடம் தானே தொழிற்படாது. இந்த முற்கோளே வாதத்தின் அச்சாணி.

முதல் அதிகரணத்தின் எதிரிகள் உலோகாயதரும் மீமாம்சகரும். உலகின் உறுப்புகள் மாறினாலும் உலகம் என்ற முழுமை என்றும் இப்படியே இருந்து வருகிறது என்பது மீமாம்சகர் நிலை. உறுப்புகளில் தோற்றமும் அழிவும் காண்பதால் முழுமைக்கும் அவை உண்டு என்பது மெய்கண்டாரின் விடை. உறுப்பின் இயல்பை முழுமைக்கு ஏற்றுவது எப்போதும் பிழை என்று சொல்லிவிட முடியாது. நூலிழை ஒவ்வொன்றும் வெண்மை என்றால் துணியும் வெண்மைதான். இழை ஒவ்வொன்றும் எளிதில் அறும் என்பதால் துணியும் எளிதில் அறும் என்று ஆகாது. அழிவு இவற்றுள் எவ்வகைப் பண்பு என்பதே கேள்வி. வெவ்வேறு காலத்தில் அழிவனவெல்லாம் ஒருங்கே அழியும் ஒரு காலம் உண்டு என்பதற்கு, அவை தனித்தனியே அழிவது சான்றாகாது. இன்றைய அண்டவியல் இங்கே ஓரளவு துணை நிற்கிறது. ஏறத்தாழ 1380 கோடி ஆண்டுகளுக்கு முன் மிக அடர்ந்த, வெப்பமிகுந்த நிலையிலிருந்து அண்டம் விரிந்தது என்பது, உலகம் என்றும் இப்படியே இருந்தது என்ற மீமாம்சக் கொள்கையை வீழ்த்துகிறது. ஆனால் மெய்கண்டாருக்குத் தேவை ஒரு தொடக்கம் மட்டுமன்று. முற்றொடுக்கமும் அதிலிருந்து மறுதோற்றமும். அவற்றை அண்டவியல் நிறுவித் தரவில்லை. ஆகவே முதல் அதிகரணத்தில் ஏது பொருத்தமானது. அதன் வீச்சு மட்டும் மிகைப்படுத்தப்பட்டது.

இரண்டாம் அதிகரணம்தான் வாதத்தின் உயிர்நிலை. இல்லாதது தோன்றாது, உள்ளதும் செய்வோன் இன்றிச் செயற்படாது. முன்பாதி சற்காரியவாதம், பின்பாதி கருத்தா உண்டு என்ற கொள்கை. முன்பாதியைச் சாங்கியரும் ஏற்பர். ஏற்றபின், பிரகிருதி தானே விரியும், இறைவன் வேண்டா என்று நிறுத்திவிடுவர். நியாய மரபினரான நையாயிகர் பின்பாதியை ஏற்பர்; முன்பாதியை மறுப்பர். இரண்டையும் ஒருங்கே இணைத்தது மெய்கண்டாரின் சைவ சித்தாந்தத்தின் அருஞ்செயல். ஆனால் இணைத்த இடத்தில் ஒரு விரிசலும் இருக்கிறது. காரியம் காரணத்தில் முன்னமே உள்ளது என்றால் கருத்தாவின் வேலை ஆக்குதலன்று, வெளிப்படுத்துதல். ஆக்குதலுக்கு அறிவுடைய ஒருவன் வேண்டும் என்று குயவனையும் குடத்தையும் காட்டிச் சொல்லலாம். வெளிப்படுதலுக்கும் அதே தேவை உண்டு என்பதைத் தனியே நிறுவியாக வேண்டும். விதையில் அடங்கியிருக்கும் முளை வெளிப்பட யார் கை வைத்ததையும் நாம் காண்பதில்லை.

இதற்கு நையாயிகர் தரும் விடை புகழ்பெற்றது. நியாயகுசுமாஞ்சலியில் கடவுளுக்கான சான்றுகளை அடுக்கிய உதயனர் காரியம் என்ற ஏதுவையே முதலில் வைத்தார். புல்லும் முளையும் செய்வோனின்றி வளர்கின்றனவே என்றால், அவையே வாதத்துக்கு உட்பட்ட பக்கம். பக்கத்தையே எதிர்க்காட்டாக நீட்டக் கூடாது என்பது அந்த மரபின் மறுமொழி. தருக்க விதிப்படி இது சரி. ஆனால் பௌத்தத் தருக்கியர் தருமகீர்த்தி 7ஆம் நூற்றாண்டிலேயே ஆணிவேரில் கைவைத்துவிட்டார். குடமும் மலையும் இரண்டும் ‘அமைப்பு’ உடையவை என்று ஒரே சொல்லால் சொல்கிறோம்; சொல் ஒன்றாவதால் பொருள்வகை ஒன்றாகிவிடாது. மண்ணின் விகாரம் என்பதற்காகப் புற்றையும் குயவன் செய்தான் என்று கொள்ள முடியுமா? எவ்வகை அமைப்பைச் செய்வோனோடு சேர்த்துக் கண்டோமோ, அவ்வகையிலிருந்து மட்டுமே செய்வோனை ஊகிக்கலாம்.

இவ்விரு தரப்பையும் நடுநிலையில் வைத்துப் பார்த்தால் முடிவு இது: புல்லையும் புற்றையும் எதிர்க்காட்டாக ஏற்க நையாயிகர் மறுப்பது முறையே. ஆனால் எதிர்க்காட்டாக நில்லாத ஒன்றும் ஐயத்தை எழுப்பப் போதும். வியாத்தி பொய் என்று தருமகீர்த்தி காட்டிவிடவில்லை. அது உறுதிப்படவில்லை என்று காட்டினார். அனுமானம் விழுவதற்கு அதுவே போதும், ஏனெனில் நிறுவும் பொறுப்பு அனுமானிப்பவருடையது. 1859இல் டார்வின் வெளியிட்ட இயற்கைத் தேர்வுக் கொள்கை இந்த ஐயத்துக்குத் தசையும் எலும்பும் தந்தது. நோக்கத்தோடு அமைந்ததாகத் தோன்றும் உறுப்புகள், நோக்கமுடைய ஒருவர் இல்லாமலும் படிப்படியாக உருவாகக்கூடும் என்பதற்கு அது ஒரு வழிமுறையையே காட்டிவிட்டது. சடம் தானே தொழிற்படாது என்ற முற்கோள் இன்று தானே விளங்கும் உண்மையாக நிற்க முடியாது. வாதிட்டு நிறுவ வேண்டிய ஒன்றாகிவிட்டது.

மீமாம்சகர் குமாரிலர் எழுப்பிய உடல் சிக்கலும் இங்கேதான் வருகிறது. குயவனுக்குக் கையும் காலும் உண்டு. இறைவனுக்கு உடல் உண்டா? உண்டென்றால் அந்த உடலைச் செய்தவர் யார்? இல்லையென்றால் எடுத்துக்காட்டுப் பொருந்துமா? சித்தியாரின் விடை நுட்பமானது. உலகங்களைத் தந்து, நிறுத்தி, அழித்தும் தான் விகாரமடையாத காலத்தை அருணந்தி உவமையாக்குகிறார். உடலின்றியும் விளைவு நிகழலாம் என்பதற்கு இது நல்ல சான்று. ஆனால் சித்தாந்தத்தின் கணக்கிலேயே காலம் மாயையின் காரியம், சடம். உடலில்லாமையைக் காட்டப் புகுந்த உவமை அறிவுடைமையைக் கைவிட்டுவிடுகிறது. குயவனில் அறிவு உண்டு, உடலும் உண்டு. காலத்தில் உடல் இல்லை, அறிவும் இல்லை. அறிவு உண்டு, உடல் இல்லை என்ற மூன்றாவது வகைக்கு இரண்டு எடுத்துக்காட்டுகளும் சான்றாவதில்லை. உயிர் மற்றோர் உடலின் துணையின்றித் தன் உடலை இயக்குகிறதே என்ற விடை இதைவிட வலியது. ஆயினும் அங்கும் உயிர் இயக்குவது தன் உடலைத்தான். அந்த ஒப்புமையை முழுதும் ஏற்றால் உலகம் இறைவனுடைய உடலாகிவிடும். அது இராமாநுசரின் வீட்டு வாசலுக்குக் கொண்டுபோய் விடும்.

இராமாநுசரை இங்கே குறிப்பிடக் காரணம் உண்டு. கடவுள் உண்மையில் சிறிதும் ஐயமில்லாத அவர், அனுமானம் அதை நிறுவாது என்று ஸ்ரீபாஷ்யத்தில் விரிவாக வாதிட்டார். உலகப் பொருள்கள் யாவும் ஒரே காலத்தில் ஒரே கருத்தாவால் செய்யப்பட்டன என்பதற்குச் சான்று இல்லை. பல காலங்களில் பலர் செய்திருக்கலாம் என்பது அவருடைய மறுப்புகளுள் ஒன்று. ஸ்காட்லாந்தின் டேவிட் ஹ்யூம் தம் உரையாடல் நூலில் இதையே எழுப்பியது அறுநூறு ஆண்டுகளுக்குப் பிறகு. கடவுள்கொள்கையை ஏற்பவர் கடவுள்வாதத்தை மறுக்கலாம் என்ற வேறுபாட்டை இராமாநுசரைப் போலக் கூர்மையாக உணர்ந்தவர்கள் மிகச் சிலர்.

பலர் செய்திருக்கலாமே என்ற இந்த வினாவுக்கு மூன்றாம் அதிகரணம் தரும் விடைதான் மெய்கண்டாரின் சொந்த முத்திரை. நையாயிகர் ஒருவனே போதும் என்ற சிக்கன நெறியைத் துணைக்கொண்டனர். மெய்கண்டார் வேறு வழி போனார். படைப்பிலிருந்து தொடங்கினால் படைப்போர் பலர் என்ற ஐயம் எழும். ஒடுக்கத்திலிருந்து தொடங்கினால் எழாது. யாவும் ஒடுங்கியபின் எஞ்சி நிற்பவன் எவனோ அவனே, மீண்டும் தோற்றுவிக்கக்கூடியவன். படைக்கும் தெய்வமும் காக்கும் தெய்வமும் ஒடுங்குவனவற்றுள் அடக்கம். தொடக்கத்தை முடிவில் தேடிய இந்தத் திருப்பத்தில் சிந்தனையின் புதுமை இருக்கிறது. கட்டமைப்பின் அழகும் இருக்கிறது. குறை என்னவென்றால், இது முதல் அதிகரணத்தின் தோளில் நிற்கிறது. முற்றொடுக்கம் நிறுவப்பட்டால் ஒருமை நிறுவப்படும். அது அங்கே முழுதும் நிறுவப்படவில்லை என்று கண்டோம். எஞ்சியவன் ஒருவனே என்பதும், அவனே ஆகமங்கள் பேசும் சிவன் என்பதும் வேறு வேறு முடிவுகள். பின்னதை அனுமானம் தரவில்லை, ஆகமம் தருகிறது. சித்தியாரின் அளவை இயல் காட்சி, கருதல், உரை மூன்றையும் ஏற்பதால் மரபுக்குள் இது முறைகேடில்லை. ஆகமத்தை ஏற்காதவரோடு நடத்தும் வழக்கில் மட்டும் இது செல்லாது.

இனி எதிர்த்தரப்பின் மிகக் கூரிய வாதம்: துன்பம். நோக்கமின்றி மூடனும் ஒரு செயலைத் தொடங்கான். நிறைவுடைய இறைவனுக்குப் படைப்பால் என்ன பயன் என்று குமாரிலர் கேட்டார். விளையாட்டு என்பது ஒரு விடை. அதைவிடப் பொறுப்பான விடை சித்தாந்தத்தினுடையது: படைப்பு உயிர்களின் ஆணவ மலத்தைக் கழிக்கும் அருட்செயல். துணியின் அழுக்கைப் போக்கச் சாணியும் உவர்மண்ணும் சேர்ப்பதுபோல, மலத்தை நீக்க மாயையின் உடலும் கருவிகளும் தரப்படுகின்றன என்கிறது சித்தியார். 1955இல் ஜே. எல். மேக்கி, எல்லாம் வல்ல, முற்றும் நல்ல கடவுளும் தீமையும் ஒருங்கே இருக்க முடியாது என்று வகுத்த முரண் இங்கே எழுவதே இல்லை. சித்தாந்தக் கடவுள் மலத்தைப் படைத்தவனல்லன். அதைப் பொருளாக இல்லாமல் ஆக்குபவனும் அல்லன். அதன் ஆற்றலை அடக்குபவன். முழு வல்லமை என்ற முற்கோளை வரையறுத்ததால் முரண் அவிழ்ந்துவிடுகிறது. மேலைக் கடவுளியல் பெரும்பாலும் சுயேச்சை என்ற தூணில் தாங்கிய சுமையை இங்கே மலக்கொள்கை தாங்குகிறது. காட்டுத்தீயில் தனியே வெந்து சாகும் மான்குட்டியைக் காட்டி 1979இல் வில்லியம் ரோ எழுப்பிய வினாவுக்கும் விடை உண்டு: மானும் வினையுடைய உயிரே.

ஒருங்கிசைவில் இதற்கு இணை அரிது. ஆயினும் எந்தத் துன்பத்தைக் காட்டினாலும் ‘வினை’ என்று பதில் தயாராக இருக்கும் கொள்கை, எந்தத் துன்பத்தாலும் சோதிக்கப்பட முடியாததாகிறது. பேறு, இழவு, இன்பம், பிணி, மூப்பு, சாக்காடு ஆறும் கருவிலேயே அமைந்துவிடுகின்றன என்று சித்தியார் கூறும்போது, பிறப்பால் வந்த இழிவையும் வினைக் கணக்கில் எழுதும் வழி திறந்துவிடுகிறது. 20ஆம் நூற்றாண்டுச் சுயமரியாதை இயக்கத்தின் நாத்திகம் அடித்தது இந்த இடத்தில்தான். அதன் கேள்வி அறவியல் கேள்வி. சாதியை விதியாக்கும் கடவுள் நமக்கு ஏன் என்பது. அந்த அடி வலுவானது. சித்தாந்திகள் அதை வெறும் தூற்றலாகத் தள்ளியது தவறு. அதே நேரத்தில், பகுத்தறிவாளர் மேடை சற்காரியவாதத்தோடும் மலக்கொள்கையோடும் அவற்றின் தருக்க வடிவில் மோதவில்லை என்பதும் உண்மை. புராணக் கடவுளை எளிதில் வென்றவர்கள் மெய்கண்டாரின் கடவுளை நேரே சந்திக்கவில்லை.

நாத்திக வாதங்களும் தம் அளவைத் தாண்டக் கூடாது. தருமகீர்த்தி, குமாரிலர், ஹ்யூம் ஆகியோரின் மறுப்புகள் ஓர் அனுமானத்தை வீழ்த்துகின்றன. அனுமானம் விழுந்ததால் அனுமானிக்கப்பட்ட பொருள் இல்லை என்று ஆகாது. புகையாகத் தோன்றியது பனி என்று தெரிந்தால், மலையில் நெருப்பு இல்லை என்று தெரிந்ததாகாது. நெருப்புக்கு நம்மிடம் சான்று இல்லை என்றே தெரியும். இன்மையை நிறுவும் ஆற்றல் உள்ளது துன்பத்தைக் காட்டும் வாதத்துக்குத்தான். அது முழு வல்லமையுள்ள கடவுளை நெருக்கும் அளவுக்கு வரையறுத்த வல்லமையுள்ள கடவுளை நெருக்குவதில்லை. எந்தக் கடவுளை மறுக்கிறோம் என்று குறிப்பிடாத மறுப்பு, எந்தக் கடவுளை நிறுவுகிறோம் என்று சொல்லாத நிறுவலைப் போலவே அரைகுறையானது.

வரலாற்று நோக்கில் ஒரு குறை. மணிமேகலை, நீலகேசி காலத்துத் தமிழில் கடவுளை மறுத்த சமயங்கள் உயிரோடு வாதிட்டன. சித்தியாரின் பரபக்கத்தில் அருணந்தி 14 சமயங்களை மறுத்தபோது அவற்றுள் சில தமிழ்நிலத்தில் பெரிதும் வலுவிழந்திருந்தன. சிவஞான முனிவரின் தருக்கக் கூர்மை ஈடற்றது. ஆனால் அதன் பெரும்பகுதி சிவசமவாதம் போன்ற உட்பிரிவுகளோடு பொருதுவதில் செலவாயிற்று. ஹ்யூமின் உரையாடல் நூல் வெளிவந்தது 1779, காண்டின் முதல் விமரிசன நூல் 1781, முனிவர் மறைந்தது 1785. அவை அவர் கைக்கு எட்டாதவை, குற்றம் அவருடையதன்று. ஜே. எம். நல்லசாமிப் பிள்ளை 1895இல் சிவஞானபோதத்தை ஆங்கிலத்தில் தந்தபின் வந்தவர்களுக்கு அந்தச் சாக்கு இல்லை. ஒப்பீடும் பாராட்டும் பெருகின. எதிர்வாதத்தின் வலிமையான வடிவத்தை எடுத்துக்கொண்டு விடை சொல்லும் முயற்சி அந்த அளவுக்குப் பெருகவில்லை.

மெய்கண்டாருக்கு நியாயம் செய்ய ஒன்றை மறக்கலாகாது. நூலின் முற்பாதி பொது, பிற்பாதி உண்மை. முதல் நூற்பா பொதுவின் வாயில் மட்டுமே. ஆறாம் நூற்பா இறைவனைச் சுட்டறிவுக்கு எட்டாதவன் என்று சொல்லிவிடுகிறது. சுட்டறிவால் ஆன அனுமானம் அவனை முழுதும் காட்டும் என்று நூலாசிரியரே கோரவில்லை. கோரியவர்கள் பின்வந்தவர்கள்.

ஆகவே தீர்ப்பு. சிவஞானபோதத்தின் முதல் நூற்பா, உலகத்துக்கு அறிவுடைய ஒரு முதல்வன் உண்டு என்பதை நிறுவவில்லை. வியாத்தி உறுதிப்படாத அனுமானம் நிறுவலாகாது. அப்படி ஒரு முதல்வனைக் கொள்வதில் முரணில்லை என்பதை அது காட்டியிருக்கிறது. துன்பத்தையும் அவனையும் ஒருங்கே வைத்துச் சிந்திக்க ஒரு கட்டுக்கோப்பான வழியையும் வகுத்திருக்கிறது. அமைப்பாக அது உதயனரின் வாதத்தைவிட உயர்ந்தது. நிறுவலாக இரண்டும் ஒரே இடத்தில் தடுக்குகின்றன. ஒருங்கிசைவை நிறுவலாக எண்ணி மயங்கியது உரைமரபின் பிழை. நிறுவல் தோற்றதைக் கண்டு ஒருங்கிசைவையும் சேர்த்துத் தள்ளியது மறுப்பவர்களின் பிழை. நூலை இரண்டு தரப்பும் மீண்டும் படிக்க வேண்டும். இம்முறை எதிராளியின் கண்ணால்.